சக்கரத்தில் போட்ட இனிஷியல்

பெரியோர்களே, தாய்மார்களே, தமிழைப் பேச மட்டும் தெரிந்து படிக்கத் தெரியாததால் இதை அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போகும் நம் டெல்லிப் பிள்ளைகளே! நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று மலை மந்திர் முருகன் சாட்சியாக முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுகிறேன். என் மனைவியே நம்பமாட்டாள். மழை பெய்கிறது என்று நான் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் காயும் துணியை எடுப்பாள். ஆகவே மனம் தளராமல் தொடங்குகிறேன்.

செய்தி வந்தபோது நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், வற்றல் சாக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. பொன்னுரங்கத்தின் மகள் கவிதா தமிழை ரோமன் எழுத்தில் தட்டியிருந்தாள். "அப்பா காலைல போய்ட்டாங்க அங்கிள். தூக்கத்துலயே. அம்மா உங்கள வரச் சொல்றாங்க." மூன்று முறை படித்தேன். கடைக்காரர், "சுண்டைக்காய் எவ்வளவு போடட்டும் மாமா?" என்றார்.

"நாற்பத்தொன்பது கிலோ" என்றேன்.

அது பொன்னுரங்கத்தின் எடை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தராசைக் கீழே வைத்தார்.

நம் செக்டாரில் பொன்னுரங்கத்தைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஆனால் பக்கவாட்டில் திரும்பி நின்றால் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்பதால், பார்த்திராதவர்கள் சிலர் இருக்கலாம். மே மாதத்து அனல் காற்றில் சட்டைப் பையில் பேப்பர் வெயிட் போட்டுக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்புவார். ஒருமுறை அதை மறந்து கிளம்பியதில், லோதி ரோடில் இறங்க வேண்டியவர் ஆக்ராவில் போய் இறங்கினார். ஆபீஸ் கோப்பில் இதற்குக் குறிப்பே இருக்கிறது. எழுதியவன் நான்தான். அதனால் அது அரசாங்க ஆவணம்.

ஒரு மத்திய அமைச்சகத்தில் அவர் செக்‌ஷன் ஆபீசர். நான் அதே மாடியில் பக்கத்து செக்‌ஷன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலும் அவர் இரண்டாவது மாடி, நான் தரைத்தளம். அவர் ஆரணிக்காரர். நான் அம்பாசமுத்திரத்துக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் டெல்லியில் குப்பை கொட்டியும் இருவரும் அவரவர் ஊர்த் தமிழில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. சண்டை முற்றிவிட்டால் மட்டும், இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இந்தியில் திட்டிக்கொள்வோம். அவர் குரல் மேலே சுற்றும் மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி வந்ததில்லை. ஆகவே அந்தச் சண்டைகளில் நானே ஜெயித்ததாக என் பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஏழு வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம், குவார்ட்டர்ஸ் நலச்சங்கத்தின் சுற்றறிக்கை நோட்டு வந்தது. காவல்கார சௌகிதார் வீடு வீடாகக் கொண்டுவந்து நீட்டுவார். தண்ணீர் வராது, கொசு மருந்து அடிப்பார்கள், மொட்டை மாடியில் துணி காயப்போடாதீர்கள் என்று ஏதாவது இருக்கும். அரசாங்க ஊழியர்களாகிய நாம் அந்த நோட்டை எப்படிக் கையாளுவோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கமாட்டோம். இனிஷியல் போடுவோம். பொன்னுரங்கம் இதில் கரை கண்டவர். இடது கையால் பல் தேய்த்தபடி வலது கையால் போடுவார். ஏகாம்பரம் மகன் பொன்னுரங்கம், சுருக்கமாக 'ஏ.பொ.' டெல்லிக்கு வந்த முதல் நாளிலிருந்து இனிஷியலைத் தமிழில்தான் போட்டார். அவருக்கு மேலே இருந்த இந்திக்காரர்கள் அதை ஏதோ பறவையின் படம் என்று நினைத்து அனுமதித்துவிட்டார்கள்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு. ஜனவரி மூன்றாவது ஞாயிறு, பிளாக்குகளுக்கு இடையே லாரி இழுக்கும் போட்டி. ஒரு லாரி, ஒரு கயிறு, பத்துப் பேர், அறுபது அடி தூரம். எங்கள் பிளாக்கின் கேப்டன், திரு. பொன்னுரங்கம்! 'பார்த்தேன்' என்ற கட்டத்தில் போட வேண்டியதை, பற்பசை நுரை தெறித்த அவசரத்தில், 'கேப்டனாக இருக்கச் சம்மதம்' என்ற கட்டத்தில் போட்டுவிட்டார்.

போர்டுக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. எதிர் பிளாக் சௌத்ரி ஜியும் வந்தார். மத்தியப் படையில் இன்ஸ்பெக்டர். அவர் கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. என் தொடை என்ன அளவு என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் பொன்னுரங்கத்தைக் குனிந்து பார்த்து, "அரே பொன்னுரங்கம் ஜி, ட்ரக் பாத் மே. பெஹலே ட்ரக் கே சாம்னே திகாயி தோ தீஜியே!" என்றார். லாரி அப்புறம் இருக்கட்டும், முதலில் லாரிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியுங்கள் என்று பொருள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது நான் இருபது வருடமாகச் சொல்லிவந்த நகைச்சுவை. திருடிவிட்டார்.

படியேறும்போது நான் மெதுவாக, "வே, பேசாம அந்த இனிஷியல அடிச்சிரும். தெரியாம போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா சோலி முடிஞ்சிது" என்றேன்.

பொன்னுரங்கம் படியில் நின்று திரும்பினார். "போட்ட இனிஷியலை அடிக்கக் கூடாது ஆர்முகம். அடிச்சா இன்னும் பெருசா தெரியும்."

மறுநாள் காலை நடையில் அவர் என்னிடம் சொன்னதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

"முப்பத்திநாலு வருசமா ஃபைலு நகருது, நகருதுன்றாங்க. நான் எழுதி டேபிள் ஓரமா வெக்கிறன். மறுநாள் பாத்தா இல்ல. யாரோ எடுத்துக்கினு போயிட்டாங்க. நகர்ந்தத எவன் பாத்தான்? வர்ற பிப்ரவரில எனக்கு ரிட்டயர்டு. அதுக்குள்ள என் கையால இஸ்து, ஒண்ணே ஒண்ணு நகர்றத என் கண்ணால பாத்துடணும்பா. ஜெயிக்கறது தோக்கறது சௌத்ரி பாத்துக்கட்டும். நீ வர்றியா, இல்லியா?"

நான் ஏதாவது கேலி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது என் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. என்னையும் அவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இரண்டு ராணுவ வீரர்கள் கிடைப்பார்கள் என்று கணக்குக் காட்டி மற்ற எட்டுப் பேரையும் சேர்த்தோம். கணக்கு அதிகாரி ஒருவர், ஸ்டெனோக்கள் மூவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மீதிப் பேர் எங்களைப் போன்ற செக்‌ஷன் சிங்கங்கள். நாற்பத்தைந்து வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. எங்கள் ரத்த அழுத்தத்தை மொத்தமாகத் திறந்துவிட்டிருந்தால் அந்த அழுத்தத்திலேயே லாரி சண்டிகர் போய்ச் சேர்ந்திருக்கும்.

பயிற்சிக்கு லாரி வேண்டுமே? இறைவன் அனுப்பி வைத்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகளுக்கு அரிசியும் புளியும் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் இன்ஜின் படுத்துவிட்ட ஒரு நாமக்கல் லாரி, குவார்ட்டர்ஸுக்குப் பின்பக்கச் சாலை ஓரமாக நின்றது. ஊரிலிருந்து ஏதோ ஒரு பாகம் வர வேண்டும் என்று டிரைவர் மாரியப்பன் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வண்டியில ஒரு கயிறு கட்டிக்கலாமா?" என்று பொன்னுரங்கம் கேட்டார். "தாராளமா கட்டிக்கங்க சார்" என்றார் மாரியப்பன். வேறொன்றும் கேட்கவில்லை. நாமக்கல்காரர்கள் நாகரிகமானவர்கள்.

மூன்று வாரம். தினமும் காலை ஆறு மணி. டெல்லி ஜனவரியின் மூடுபனியில் கயிறு எங்கோ போய் மறைந்துவிடும். மறுமுனையில் லாரி கட்டியிருக்கிறதா, குதுப் மினார் கட்டியிருக்கிறதா என்று தெரியாது. பத்துப் பேரும் குல்லாய், மப்ளர், மனைவியின் ஸ்வெட்டர் சகிதமாக இழுத்தோம். லாரி ஒரு மயிரிழை நகரவில்லை. ஆனால் நாங்கள் நின்ற தரை நகர ஆரம்பித்துவிட்டது. முதல் வாரத்தில் ஆர்.கே.புரம் இரண்டு அங்குலம் குர்கான் பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் தபால்காரருக்கு எங்கள் பிளாக் அகப்படாமல் போயிற்று.

பத்து அரசாங்க ஊழியர்கள் ஒரு வேலை நடக்காவிட்டால் என்ன செய்வார்கள்? கோப்புத் திறந்தோம். 'பொருள்: லாரி நகராமை.' கயிறு மெல்லியது என்று ஸ்டெனோ எழுதினார். தடித்த கயிறு வந்தது. காலணி வழுக்குகிறது என்று கணக்கு அதிகாரி எழுதினார். ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்புகள் வந்தன. லாரி தெற்கு நோக்கி நிற்பதால் ஊர் ஞாபகத்தில் வடக்கே வர மறுக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் எழுதினார். சாப்பாடு போதவில்லை என்று நான் எழுதினேன். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே பொன்னுரங்கம், 'தொடர்ந்து இழுக்கவும். ஏ.பொ.' என்று போட்டார். அந்தக் கோப்பின் மேல் 'அவசரம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டலாமா என்று கேட்டதற்கு, "அவசரம்னு சீட்டு ஒட்டின ஃபைல் மேலதான் டீ கிளாஸ் வெப்பாங்க" என்று மறுத்துவிட்டார்.

என் குறிப்பின் மீது அன்றே நடவடிக்கை வந்தது. அவர் மனைவி வேதவல்லி தினமும் எங்கள் பத்துப் பேருக்கும் கேழ்வரகுக் களி கிண்டி, முருங்கைக்கீரைக் குழம்போடு அனுப்பினார். ஒரு உருண்டை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கை கொடுக்க வேண்டும். தவறி ஒரு உருண்டை கீழே விழுந்ததில் தரை ஓடு விரிசல் விட்டது. அந்த விரிசல் இன்றும் என் வீட்டில் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, சரஸ்வதி வந்தார். எங்கள் மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர். கணவர் விமானப்படை. ராசிபுரம் பக்கத்துப் பெண். அப்பா, அண்ணன் தம்பி எல்லோரும் லாரிக்காரர்கள். பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தவர் நின்றார்.

"ஏனுங்ணா, என்ன பண்ணீட்டு இருக்கறீங்க?"

"பாத்தா தெரியலையாம்மா? லாரி இழுக்கோம்" என்றேன் மூச்சு வாங்க.

"அது வருமுங்களா?"

"மூணு வாரமா வரல்ல. இன்னிக்கி வந்துரும்."

சரஸ்வதி லாரியைச் சுற்றி வந்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, பால் பாக்கெட்டை மடியில் போட்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்ஜின் செத்த வண்டிங்ணா இது! இன்ஜின் ஓடினாத்தான் பிரேக்குக்குக் காத்து ஏறும். காத்து ஏறினாத்தான் பிரேக் விடும். காத்து இல்லீன்னா சக்கரத்தக் கவ்விப் புடிச்சுக்குங்க. நீங்க பத்துப் பேரு இல்லீங்ணா, பத்து யானை வந்தாலும் அசையாது!"

சரஸ்வதி திரும்பி, அடுப்பில் டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்த மாரியப்பனைப் பார்த்தார். "ஏனுங்ணா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

மாரியப்பன் உண்மையாகவே திகைத்துப்போனார். "நகத்தறதுக்கா இழுத்தாங்க? டெல்லி ஆபீசருங்க, ஒடம்பு எளைக்கறதுக்குப் பண்றாங்கன்னு நெனச்சனுங்க. அந்தப் பெரிய சார் நல்லா எளைச்சுட்டாருங்களே!"

பெரிய சார் நான்தான். ஒன்பது கிலோ குறைந்திருந்தேன். அதை என் மனைவி இன்றும் நம்பவில்லை.

பொன்னுரங்கம் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கோப்பை வாங்கி, கடைசிப் பக்கத்தில் 'பார்த்தேன். ஏ.பொ.' என்று போட்டார். அன்று மதியமே நாமக்கல்லிலிருந்து பாகம் வந்துவிட்டது. மாலை நாலு மணிக்கு இன்ஜின் ஓடியது. காற்று ஏறி பிரேக் விடும்போது ஒரு பெரிய பெருமூச்சுச் சத்தம் வந்தது. நாங்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் மாரியப்பன் ஹாரன் அடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். மூன்று வாரம் அசையாமல் நின்ற அந்த லாரி, அசையக்கூடிய நிலை வந்ததும் எங்கள் கண் முன்னாலேயே நாமக்கல் போய்விட்டது. பொன்னுரங்கம் அது தெருமுனையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். "இதுவும் ஃபைல் மாதிரிதான்" என்றார். அன்று ஒருநாள்தான் அவர் தோள் இறங்கிப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை கதவைத் தட்டியது சரஸ்வதி. "நேத்துச் சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்கண்ணா. வாங்க, சொல்லித் தர்றேன்." வேப்ப மரத்தில் கயிற்றைக் கட்டி எங்களை நிறுத்தினார். "எல்லாரும் லாரிக்கு முதுகக் காட்டி நில்லுங்க. கயிறு தோள்ல. மூக்கு ரோட்டப் பாக்கோணும். சின்னச் சின்ன அடியா வெய்யுங்க. மொத அசைவுதான் பாரம். அசைஞ்சுட்டா வண்டி தானா வரும். வெடுக்குனு இழுத்தீங்கன்னா கயிறுதான் வரும்."

பொன்னுரங்கம் கை தூக்கினார். "முதுக காட்டினா லாரி நகர்றத எப்டிம்மா பாக்கறது?"

"இழுக்கறவரு பாக்க முடியாதுங்ணா. நீங்க கேப்டன்தான? எடையும் இல்ல. முன்னால நின்னு சத்தம் போடுங்க, நல்லாப் பாக்கலாம்."

"சும்மா நின்னுக்கினு சத்தம் மட்டும் போட்டா, எனக்கும் டெப்டி செக்ரெட்டரிக்கும் இன்னாம்மா வித்தியாசம்?"

இழுத்தால் பார்க்க முடியாது. பார்த்தால் இழுக்க முடியாது. பத்துப் பேர் ஒரு மணி நேரம் விவாதித்தோம். துணைக்குழு அமைக்கும் நிலைக்குப் போய்விட்டது. அப்போது இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து வேதவல்லியின் குரல் வந்தது.

"கயித்து மொனையப் புடிச்சி, லாரியப் பாத்துக்கினே பின்னால நடங்களேன். ஊட்ல நான் கத்தும்போது அப்டித்தான நடக்கறீங்க? முப்பது வருசமா எங்கியும் இடிச்சிக்கினது இல்லியே!"

கோப்பின் கடைசித் தீர்மானம் அது. கயிற்றின் நுனி பொன்னுரங்கத்துக்கு. அவருக்கு எதிரே முதல் ஆளாக நான். "பின்னால நடக்கறப்ப உழுந்தீங்கன்னா இந்த ஒம்போது பேரும் உங்க மேலதான் வருவாங்க. அப்பறம் லாரி வரும். நெனப்பிருக்கட்டும்" என்றார் சரஸ்வதி. "உழ மாட்டன்" என்றார் பொன்னுரங்கம்.

தாளத்துக்கு ஒரு சத்தம் வேண்டும். ஐலசா போட்டுப் பார்த்தோம். மூன்று பேர் முன்னால், நான்கு பேர் பின்னால் என்று போயிற்று. எங்கள் பத்துப் பேரும் முப்பது வருடமாக ஒரே நொடியில் உடம்பு விறைத்துக் கேட்கும் சொல் ஒன்றே ஒன்றுதான். மேலதிகாரி கோப்பைக் கேட்கும்போது சொல்லும் 'புட் அப்'. பொன்னுரங்கம் 'புட்' என்பார். நாங்கள் 'அப்' என்று ஓர் அடி வைப்போம். வேப்ப மரம் அன்றே லேசாகச் சாய்ந்தது.

ஞாயிறன்று அபூர்வமாக வெயில் வந்தது. செக்டாரே மைதானத்தில் கூடியிருந்தது. லாரியைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால், நாற்பது டன். உள்ளே மணல் மூட்டைகள். அதற்கு மேல் டிரைவர். டிரைவருக்குள் காலைச் சாப்பாடு எட்டுப் பராத்தா. முதலில் சௌத்ரி ஜியின் அணி வந்தது. பத்துப் பேரும் ஒரே உயரம், ஒரே மீசை. லாரியைக் கையில் எடுத்துக்கொண்டு போவது போல இழுத்துப் போனார்கள்.

எங்கள் முறை. பொன்னுரங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். லாரிக்கு முன்னால் போய்க் குந்தி, பம்பருக்குக் கீழே தெரிந்த இடது சக்கரத்தின் தரையில் உருளும் பரப்பில் பெரிதாக எழுதினார். 'ஏ.பொ.' வந்து கயிற்று நுனியைப் பிடித்தார். சாக்பீஸை என் கையில் திணித்தார்.

"யே க்யா ஹை பொன்னுரங்கம் ஜி?" என்றார் சௌத்ரி, இது என்னவென்று.

"இனிஷியல் ஹை. அப் ஃபைல் ஆகே ஜாயேகா" என்றார் பொன்னுரங்கம். இப்போது ஃபைல் முன்னால் போகும்.

விசில் ஊதியது. மின்விசிறியைத் தாண்டாத அந்தக் குரலிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! "புட்!" லாரியின் கண்ணாடி அதிர்ந்தது. பாலம் விமான நிலையத்தில் இறங்கவிருந்த ஒரு விமானம் மேலே ஏறிப் போய்விட்டது. "அப்!" என்றோம். "புட்!" "அப்!" முதல் ஐந்து 'அப்'புக்கு ஒன்றும் இல்லை. ஆறாவது 'அப்'பில் லாரி ஒரு முனகல் முனகிற்று. அதற்கப்புறம் எங்களை யார் நிறுத்துவது? அறுபதடியை ஒன்பது விநாடியில் கடந்தோம். மைதானத்துச் சுவரைக் கடந்தோம். ரிங் ரோட்டில் சிவப்பு விளக்கு விழுந்தும் நிற்க முடியவில்லை. தௌலா குவான் பக்கம் போய்த்தான் மூச்சு வாங்கினோம். உள்ளே இருந்த டிரைவர், "பஸ் கரோ பாயி சாப்!" என்று, போதும் நிறுத்தச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். பொன்னுரங்கம் அத்தனை தூரமும் பின்னாலேயே நடந்து வந்தார். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை. சௌத்ரி ஜி மறுநாளே கேழ்வரகு வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனார்.

பொன்னுரங்கம் பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். விடைபெறும் விழாவில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். அவர் எழுந்து, "எல்லாம் நகர்ந்தது. நன்றி" என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருந்தார். வாரம் ஒருமுறை என்னைத் திட்ட வருவார். இந்தியில்தான்.

அவர் இறுதிச் சடங்கன்று அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வந்துவிட்டோம். சௌத்ரி ஜியும் வந்து, மறுத்துப் பேச முடியாதபடி ஒரு தோள் கொடுத்தார். நாற்பத்தொன்பது கிலோதான். ஆனால் தூக்குகிற நேரத்தில் யாருக்கும் கை ஒன்றுசேரவில்லை. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். வாசற்படியில் வேதவல்லியைப் பிடித்துக்கொண்டு நின்ற சரஸ்வதி எங்களைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புட்" என்றார், மெதுவாகத்தான்.

தூக்கிவிட்டோம்.

என்னிடம் இப்போது இருப்பவை சில. பயிற்சிக் கோப்பு, அதில் இருபத்திரண்டு 'ஏ.பொ.' என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அந்த மிச்சச் சாக்பீஸ். போட்டதை அடிக்கக் கூடாது என்ற அவர் சொல். அதை மீற முடியாமல்தான், வருவதாகச் சொல்லித் தொலைத்த மூன்று கல்யாணங்களுக்கு இந்த மாதம் போய்வந்தேன்.

சரி. நீங்கள் நம்பவில்லை என்று தெரியும். வேண்டுமட்டும் கழித்துக்கொள்ளுங்கள். விமானத்தைக் கழியுங்கள், ரிங் ரோட்டைக் கழியுங்கள். நாற்பது டன்னையும் கழியுங்கள், மணல் மூட்டை இல்லாத காலி லாரிதான் அது. அறுபதடியும் வேண்டாம். பத்தடியில் கணக்கு அதிகாரியின் செருப்பு அறுந்து அவர் உட்கார, அவர் மேல் ஸ்டெனோ, அவர் மேல் நான் என்று எல்லோரும் தரையில் கிடந்தோம். மூன்று பிளாக்கில் மூன்றாவதாக வந்தோம்.

ஆனால் விழுவதற்கு முன்னால், மூக்கு ரோட்டைப் பார்க்க வேண்டிய நான் விதியை மீறி நிமிர்ந்தேன். லாரி என் முதுகுக்குப் பின்னால். எனக்கு எதிரே பொன்னுரங்கத்தின் முகம். அவர் கண்கள் அந்தச் சக்கரத்தில் இருந்தன. மெல்லக் கீழே இறங்கின, தரை வரை. அங்கேயே நின்றன. அவர் வாய் "புட்", "புட்" என்று விடாமல் கத்திக்கொண்டிருக்க, கண்கள் மட்டும் காத்துக்கொண்டிருந்தன. பிறகு சக்கரத்தின் மேற்பக்கத்துக்குத் தாவி, அங்கிருந்து எதையோ பிடித்துக்கொண்டு மறுபடி இறங்க ஆரம்பித்தன. அவர் இனிஷியல் அடியில் போய், ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பாதி அழிந்து, அவரிடமே திரும்பி வந்திருந்தது.

"வந்துடுச்சி ஆர்முகம்" என்றார்.

அந்தப் பத்தடி உண்மை.